ஏடிஎச்டி குளிசை போட்ட பிறகு உடம்பில் புதுசாக ஏதோ நடக்கிறதா? அறிகுறியைப் பார்த்து வழி பிடிப்பது

ஏடிஎச்டி, அதாவது கவனம் ஓரிடத்தில் நிற்காமல் துருதுருவென்று இருக்கிற நிலைக்குக் குளிசை தரும்போது, பசி குறையும், நித்திரை பிந்தும் என்று கிளினிக்கில் சொல்லித்தான் அனுப்புவார்கள். அந்த இரண்டுக்கும் வீட்டில் எல்லோரும் தயாராக இருப்பார்கள். ஆனால் விரல் வெளிறும், விடிய எழும்பும்போது தாடை நோகும், மலத்தோடு முழுக் குளிசை விழும் என்று யாரும் சொல்வதில்லை. வரிசையில் எழுபது பேர் நிற்கும்போது சொல்லிக்கொண்டிருக்க நேரமும் இல்லை. பிறகு அது வரும்போது ஆளுக்கொரு கதை. ஒருவர் உடம்புச் சூடு என்பார், ஒருவர் கண்ணூறு என்பார், பெரியம்மா ஒருவர் "முதல் அந்த மருந்தை நிப்பாட்டு" என்று வழக்கை முடித்துவிடுவார்.

நான் டொக்டர் இல்லை. எங்கள் வீட்டில் நானும் அக்காவின் மகனும் இந்த மருந்தில் இருக்கிறோம், இரண்டு பேருக்கும் மீதைல்பெனிடேட்தான். கிளிநொச்சிப் பக்கம் இதைப் பற்றிக் கதைக்க ஆள் குறைவு என்பதால் தெரிந்தவர்கள் எனக்குப் போன் எடுத்துக் கேட்பார்கள். அவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன். அளவைக் கூட்டுவது, குறைப்பது, நிறுத்துவது எல்லாம் டொக்டரின் வேலை. நீங்கள் செய்ய வேண்டியது, அவர் சரியான முடிவு எடுக்கக்கூடிய மாதிரித் தகவலைக் கொண்டுபோய்க் கொடுப்பது.

கிளினிக் நாள்வரை காத்திருக்கக் கூடாதவை

இவற்றில் ஏதாவது வந்தால் அடுத்த குளிசையைக் கொடுக்காமல் நேரே ஆஸ்பத்திரி: ஓடும்போதோ வேலை செய்யும்போதோ நெஞ்சு நோ, மயங்கி விழுதல், மூச்சு எடுக்க முடியாமை, வலிப்பு, ஒரு பக்கம் கை கால் சோர்தல் அல்லது பேச்சுக் குழறுதல், கண் சிவந்து கடுமையாக நோவதோடு பார்வை மங்குதல், உடம்பு கொதித்து ஆள் தடுமாறிக் கதைத்தல், ஆணுறுப்பு விறைத்து இறங்காமல் நிற்றல். 1990 சுவசெரிய அம்புலன்ஸ் காசு இல்லாமல் வரும். ஒட்டுசுட்டானுக்கு உள்ளே, நெடுங்கேணிக்கு உள்ளே இருப்பவர்கள் ஓட்டோ கிடைக்குமா என்று யோசித்து நேரத்தைக் கழிக்காமல் முதல் அந்த இலக்கத்தை அடியுங்கள். பக்கத்து ஆஸ்பத்திரிக்கே போனாலும் குளிசைப் பெட்டியைக் கையோடு கொண்டுபோங்கள். இரவு கடமையில் இருக்கிற டொக்டருக்கு உங்கள் மனநல கிளினிக் கதை தெரிந்திருக்காது.

எதற்கும் முதல் மணிக்கூடு

இந்த மருந்து மூளையில் டோபமின், நோரட்ரினலின் என்கிற இரண்டு இரசாயனங்களைக் கூடுதல் நேரம் நிற்கவைக்கிறது. கவனம் வருவது அதனால்தான். ஆனால் நோரட்ரினலின் மூளைக்கு மட்டும் வேலை செய்யும் ஆள் இல்லை. அது தோலின் இரத்தக்குழாயைச் சுருக்கும், இதயத்தை வேகமாக்கும், கண்மணியை விரிக்கும், வாயை உலர்த்தும். கீழே வருகிற விசித்திரங்களில் பல இந்த ஒரு காரணத்தின் பிள்ளைகள்தான்.

சாதாரண மீதைல்பெனிடேட் குளிசை அரை மணித்தியாலத்தில் தொடங்கி, இரண்டு மணித்தியாலம் அளவில் உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மணித்தியாலத்தில் இறங்கிவிடும். மெதுவாக விடுகிற வகை எட்டு முதல் பன்னிரண்டு மணித்தியாலம் நிற்கும். ஆகவே அறிகுறி வந்த நேரத்தைக் குளிசை போட்ட நேரத்தோடு வைத்துப் பாருங்கள். உச்சத்தில் வந்தால் அளவு கூடியிருக்கலாம், அல்லது மருந்தோடு வேறொன்று சேர்ந்திருக்கலாம். மருந்து இறங்கும் நேரத்தில் வந்தால் அது இறக்கத்தின் வேலை, அதற்கு வைத்தியம் வேறு. குளிசைக்கு முதலும் வருகிறது, குளிசை போடாத நாளிலும் வருகிறது என்றால் மருந்தைத் திட்டுவதை விட்டுவிட்டு வேறு காரணம் தேட வேண்டும். ஒரு கிழமைக்கு கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதுங்கள்: குளிசை போட்ட நேரம், அறிகுறி வந்த நேரம், அதற்கு முதல் என்ன சாப்பிட்டது, எத்தனை தேத்தண்ணி, இரவு எத்தனை மணிக்குப் படுத்தது. வேறு எந்த ஆராய்ச்சியும் வேண்டாம்.

கனடாவிலோ லண்டனிலோ இருக்கிற மச்சான் குடிக்கிறது வேறு சாமானாக இருக்கலாம். வைவான்ஸ் போன்றவை அம்ஃபெட்டமின் குடும்பம், நீண்ட நேரம் நிற்பவை. அவருடைய மணிக்கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. அவர் அனுப்பி வைக்கிறேன் என்று சொன்னால் வேண்டாம் என்றுவிடுங்கள்.

விரல் நுனி வெளிறி விறைக்கிறது

இதைத்தான் கூடுதலாகக் கேட்கிறார்கள், இதைத்தான் கூடுதலாகப் பிழையாகவும் விளங்கிக்கொள்கிறார்கள். ரேனோ என்று சொல்வது. குளிர் பட்டதும் அல்லது பதற்றப்பட்டதும் விரலின் சின்ன இரத்தக்குழாய்கள் இறுகிப் போய், முதல் வெளிறும், பிறகு நீலம் ஓடும், சூடு திரும்பும்போது சிவந்து குத்தும். மீதைல்பெனிடேட், அம்ஃபெட்டமின் இரண்டின் மருந்துத் தாளிலும் இது எழுதியிருக்கிறது.

வன்னியில் எங்கே குளிர் என்று கேட்பீர்கள். மார்கழி வாடைக்குள் காலைக் குளிசையைப் போட்டுவிட்டு மாங்குளத்தில் இருந்து ஏ9 வழியாக மோட்டார்சைக்கிளில் வந்து பாருங்கள். எனக்கு முறிகண்டி தாண்டுவதற்கு முன்னமே கிளச் பிடிக்கிற கையின் நடுவிரலும் மோதிர விரலும் எனக்குச் சொந்தமில்லாதவை ஆகிவிடும். இறங்கிப் பார்த்தால் இரண்டாவது மூட்டில் கோடு கீறியது போல் நிறம் மாறியிருக்கும். கோட்டுக்கு மேலே மெழுகு மாதிரி, கீழே வழமையான நிறம். முறிகண்டிப் பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்த நெருப்புப் பெட்டியைத் திறக்கக்கூட விரல் மடியாது.

எங்கள் தோல் நிறத்தில் வெள்ளைக்காரரின் படங்களில் காட்டுகிற மாதிரி பளிச்சென்று வெள்ளை தெரியாது. சாம்பல் பூசியது போலத்தான் இருக்கும், சிலருக்கு அதுவும் தெரியாது. நகத்துக்கு அடியைப் பாருங்கள், அங்கே இளஞ்சிவப்பு போய் வெளிறியிருந்தால் அதுதான். பிள்ளைகள் "கை விறைக்குது", "பேனை பிடிக்க ஏலாமல் இருக்கு" என்றுதான் சொல்வார்கள். சோம்பல் என்று ஏசிவிடாதீர்கள்.

வந்த உடனே கையைக் கக்கத்துக்குள் வையுங்கள், அல்லது இளஞ்சூட்டுத் தண்ணீரில் வையுங்கள். அடுப்பில் காட்டவே கூடாது. விறைத்த விரலுக்குச் சூடு விளங்காது, பொசுங்கிய பிறகுதான் தெரியும். சிகரெட், பீடி பிடிப்பவர்கள் அதை விடாமல் வேறு எதைச் செய்தும் பலன் குறைவு, நிக்கோட்டினும் அதே குழாயைத்தான் சுருக்குகிறது. வேறு மருந்து போடுகிறீர்களா என்று பாருங்கள். தலையிடிக்கோ கை நடுக்கத்துக்கோ கொடுக்கிற புரோப்பிரனோலோல் கை கால்களைக் குளிரவைக்கிற மருந்து. இரண்டும் வேறு வேறு கிளினிக்கில் எழுதப்பட்டிருந்தால் ஒருவருக்கு மற்றவர் எழுதியது தெரியாமல் இருக்கும். வெளிறியிருக்கும்போதே போனில் படம் எடுத்து வையுங்கள், ஏனென்றால் கிளினிக் நாளில் கை வடிவாகச் சிவந்துதான் இருக்கும். அளவைக் குறைத்தாலோ மருந்தை மாற்றினாலோ பெரும்பாலும் சரியாகிறது. விரல் நுனியில் புண் வந்தால், கறுத்தால், சூடாக்கியும் நிறம் திரும்பாவிட்டால் அடுத்த கிளினிக் வரை இருக்காதீர்கள்.

நெஞ்சு படபடக்கிறது

கொஞ்சம் கூடுவது எதிர்பார்க்கிறதுதான். சராசரியாகப் பார்த்தால் நிமிடத்துக்கு ஒரு சில துடிப்பும், பிரஷரில் ஒரு சில புள்ளியும் கூடும். சிலருக்கு மட்டும் நிறையக் கூடும். அதைக் கண்டுபிடிக்கத்தான் அளக்க வேண்டும். பத்து நிமிடம் சும்மா இருந்துவிட்டு, மணிக்கட்டில் விரலை வைத்து முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். சும்மா இருக்கும்போதே 120க்கு மேல் திரும்பத் திரும்ப நிற்கிறது என்றால் அளவைக் குறைத்து, பிள்ளை என்றால் குழந்தை வைத்திய நிபுணரிடமும் பெரியவர் என்றால் பொது வைத்திய நிபுணரிடமும் அனுப்பச் சொல்கிறது நைஸ் என்கிற இங்கிலாந்து மருத்துவ அமைப்பின் வழிகாட்டி, அது 2018இல் வந்தது. பெரியவர், பிள்ளை இருவருக்கும் ஒவ்வொரு அளவு மாற்றத்துக்கு முதலும் பிறகும், அதன் பின் ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் நாடியும் பிரஷரும் பார்க்க வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது. உங்கள் கொப்பியில் அந்த எண்கள் இல்லையென்றால் கேட்டு எழுதுவியுங்கள்.

எண்ணிப் பார்த்த பிறகு தேத்தண்ணியை எண்ணுங்கள். வயலில் நிற்கிற ஆள் விடிய ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, மத்தியானம் ஒன்று, பின்னேரம் ஒன்று என்று கடும் சாயத்தில் பிளேன்ரீ அடிப்பார், நடுவில் வெற்றிலையும் பாக்கும் போடுவார். தேயிலையும் பாக்கும் தனியாகவே இதயத்தைத் தூண்டுபவை. கடையில் விற்கிற எனர்ஜி பானம் இன்னும் மோசம். தடிமனுக்குப் பார்மசியில் வாங்குகிற மூக்கடைப்புக் குளிசைகள் சிலவற்றில் சூடோஎபெட்ரின் இருக்கும், அதுவும் இதே திசையில் தள்ளும். காய்ச்சல், இரத்தக் குறைவு, தைரொயிட் எல்லாமும் நாடியைக் கூட்டும். ஆகவே காய்ச்சலோடு படபடத்தால் முதல் காய்ச்சலைப் பாருங்கள், மழைக்காலம் என்றால் டெங்குவையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். மருந்து தொடங்க முதல் "உங்கள் குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென்று செத்தார்களா" என்று டொக்டர் கேட்பார். பரம்பரையாக வருகிற இருதயக் கோளாறைத் தேடுகிற கேள்வி அது. எங்கள் ஊரில் அந்தக் கேள்விக்கு உடனே வாய் அடைத்துப்போகும், ஏனென்றால் இளவயதில் யாரும் சாகாத குடும்பத்தைத் தேடத்தான் வேண்டும். சண்டையில் போனவர்களை ஒரு பக்கம் வைத்துவிட்டு, காயம் இல்லாமல், வருத்தம் இல்லாமல், நடந்துகொண்டிருக்கும்போது விழுந்து செத்த மாமா, சித்தப்பா யாரும் இருந்தார்களா என்று வீட்டில் வயதானவர்களிடம் கேட்டுப் போங்கள். சின்ன வயதில் மூட்டுவாதக் காய்ச்சல் வந்து மாதாமாதம் ஊசி போட்ட ஆட்களும் அதைச் சொல்ல வேண்டும். கொப்பி 2009இல் எங்கேயோ விடுபட்டுப் போயிருக்கும், அம்மாவுக்கு ஞாபகம் இருக்கும்.

சத்தம் கேட்டுத் திடுக்கிட்டு நெஞ்சடிப்பவர்கள், கனவில் எழும்பி வியர்ப்பவர்கள் அதையும் தனியாகச் சொல்லுங்கள். அது குளிசைக்கு முதலே இருந்ததா என்பது டொக்டருக்குப் பெரிய வித்தியாசம்.

வயிறு நோகிறது, தலை இடிக்கிறது

அக்காவின் மகனுக்கு இரண்டு கிழமையாக ஒவ்வொரு நாளும் பத்து மணிக்கு வயிற்றுக்குத்து. கிளினிக்கில் நேர்ஸ் கேட்டார்:

"காலமை பிள்ளை என்ன சாப்பிட்டவர்?"

"பிளேன்ரீயும் ரெண்டு பிஸ்கட்டும், மிஸ்."

"குளிசை எத்தனை மணிக்கு?"

"ஆறரைக்கு. ஏழுக்கு பஸ்."

"இடைவேளைக்கு?"

"சாப்பாட்டுப் பெட்டி அப்படியே திரும்பி வரும், மிஸ்."

"அப்ப வயிறு நோகாமல் என்ன செய்யும், அக்கா?"

சாப்பாட்டை முதலிலும் குளிசையைப் பிறகும் மாற்றியதில் முக்கால்வாசி போய்விட்டது. காலையில் பசி இன்னும் உயிரோடு இருக்கிற நேரம் அதுதான், அதைத் தவறவிட்டால் பின்னேரம்வரை கிடைக்காது. புட்டும் முட்டையும், உழுந்துக் களி, பாணும் பருப்பும், எருமைத் தயிர், எது இறங்குமோ அது. மத்தியானம் சோறு இறங்காவிட்டால் சண்டை பிடிக்காமல் கச்சான், வாழைப்பழம் மாதிரிக் கையால் எடுத்துக் கொறிக்கிறதைக் கொடுத்துவிடுங்கள். பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு பசி வெள்ளமாக வரும், அப்போது சோற்றைக் கொடுங்கள், எட்டு மணிக்குத் திரும்பக் கேட்டாலும் கொடுங்கள்.

வெள்ளிக்கிழமை விரதம், கந்தசஷ்டி என்று பிடிக்கிற பெரியவர்கள் வெறும் வயிற்றில் குளிசை போட்டுவிட்டுத் தலையிடி என்கிறார்கள். விரத நாளில் என்ன செய்வது என்று முன்கூட்டியே டொக்டரிடம் கேளுங்கள். முருகன் பால், பழத்துக்குக் கோபிக்க மாட்டார்.

தலையிடி முதல் ஒன்றிரண்டு கிழமையில் வந்து அடங்குவது சாதாரணம். பின்னேரம் மட்டும் வந்தால் தண்ணீரையும் இறக்கத்தையும் பாருங்கள். அடங்காமல் நின்றால் பிரஷரை அளந்து பாருங்கள்.

வெயிலில் தாங்க முடியவில்லை

சோளகம் அடிக்கிற ஆடி, ஆவணியில் வன்னி வெயில் எப்படி என்று சொல்லத் தேவையில்லை. இந்த மருந்தில் இருக்கிறவருக்கு இரண்டு பக்கத்தாலும் அடி. உடம்பின் உள்சூடு கூடுகிறது, தோலின் குழாய் சுருங்குவதால் அந்தச் சூடு வெளியே போவதும் குறைகிறது. அதோடு வேலையில் மூழ்கிப்போனால் தாகம் தெரியாது, நாக்கு ஒட்டிய பிறகுதான் தண்ணீர்ப் போத்தல் ஞாபகம் வரும். பரந்தன் பக்கம் நெல்லுச் சூடு மிதிக்கப் போன பெடியன் ஒருவன் மத்தியானத்துக்கிடையில் தலைச்சுற்றி இருந்துவிட்டான், காலையில் இருந்து அவன் குடித்தது ஒரு பிளேன்ரீ.

போனில் மணித்தியாலத்துக்கு ஒரு மணி வையுங்கள், அடிக்கும்போது குடியுங்கள், தாகத்தை நம்பாதீர்கள். சிறுநீர் கடும் மஞ்சளாகப் போனால் போதாது என்று அர்த்தம். மோர், இளநி, கஞ்சித் தண்ணீர் எல்லாம் நல்லது. வியர்வை நின்று, தோல் கொதித்து, கதை தடுமாறினால் அது வேறு கட்டம். நிழலில் கிடத்தி, தண்ணீரை ஊற்றி விசிறிக்கொண்டே 1990ஐ அடியுங்கள்.

குளிசைக்கும் வெயில் ஆகாது. மோட்டார்சைக்கிள் சீற்றுக்கு அடியிலும் தகரக் கூரைக்குக் கீழே உள்ள இறாக்கையிலும் வைக்காதீர்கள்.

தாடை நோ, பல் நெருமுதல்

விடிய எழும்பும்போது காதுக்கு முன்னால் நோகும், கொட்டாவி விடக் கஷ்டம், பாக்கை விடுங்கள், பாணை மெல்லவே நோகும். பகலில் உங்களுக்குத் தெரியாமலே பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறீர்கள், இரவில் நெருமுகிறீர்கள். பக்கத்தில் படுக்கிறவரைக் கேட்டால் சொல்வார். மருந்து உச்சத்தில் இருக்கும்போது கடிக்கிறீர்களா, இறங்கிய பிறகு கடிக்கிறீர்களா என்று எழுதுங்கள். மனச்சோர்வுக்குக் கொடுக்கிற ஃப்ளூஒக்செடின், செர்ட்ரலின் போன்றவையும் பல்லைக் கடிக்கவைக்கும், இரண்டும் சேர்ந்தால் கூடும். சூட்டு ஒத்தடம் கொடுக்கலாம். பல் வைத்தியரிடம் இரவில் போடுகிற காப்பு உறை பற்றிக் கேட்கலாம், பல் தேய்ந்தால் திரும்ப முளைக்காது. மக்னீசியம் குடித்தால் போய்விடும் என்று வீடியோக்களில் சொல்கிறார்கள், அதற்குப் பலமான ஆதாரம் எதையும் நான் காணவில்லை.

வாய் உலர்ந்துகொண்டே இருந்தால் பல் சூத்தையும் கெதியாக வரும். இனிப்பு ரொபியைச் சூப்பாமல் தண்ணீரைக் குடியுங்கள்.

ஆண்பிள்ளைகளுக்கு மட்டும், வெட்கப்படாமல்

ஆணுறுப்பு காரணமில்லாமல் விறைத்து, நோவோடு, இறங்காமல் நிற்பது. மிக அரிது. ஆனால் 2013 டிசம்பரில் அமெரிக்க மருந்து நிர்வாகம் மீதைல்பெனிடேட்டுக்கு இதற்காகத் தனி எச்சரிக்கை விட்டது. அவர்கள் பார்த்த ஆட்களின் நடு வயது பன்னிரண்டரை. எட்டு வயதுப் பிள்ளையும் இருந்தது. அளவு கூட்டிய பிறகு வரலாம், மருந்தை இடையில் நிறுத்திய நாட்களிலும் வரலாம். நான்கு மணித்தியாலம் தாண்டினால் உறுப்புக்கு நிரந்தரச் சேதம் வரக்கூடும், அதனால் நோவோடு நீடிக்கத் தொடங்கியதுமே புறப்பட வேண்டும்.

பன்னிரண்டு வயதுப் பெடியன் இதை அம்மாவிடம் சொல்வானா? சாறத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு மூலையில் சுருண்டு கிடப்பான். அதனால் மருந்து தொடங்குகிற அன்றைக்கே அப்பாவோ மாமாவோ, வீட்டில் ஆண்கள் இல்லையென்றால் அம்மாவே, ஒரு நிமிடம் கூப்பிட்டுச் சொல்லிவிட வேண்டும்: "இப்படி நடந்தால் அது உன் பிழை இல்லை, மருந்தாலும் வரும், இரவு எத்தனை மணி என்றாலும் எங்களை எழுப்பு." ஆஸ்பத்திரி வாசலில் எல்லோருக்கும் கேட்க விளக்கம் சொல்லத் தேவையில்லை, ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தாலே போதும்.

கண் கூசுகிறது, எழுத்து மங்குகிறது

கண்மணி விரிந்து நிற்பதால் மத்தியான வெயில் அடிக்கும், கிட்டப் பார்ப்பதும் கொஞ்சம் குழம்பும். தொப்பி போடுங்கள். நின்று பிடித்தால் கண் கிளினிக்கில் காட்டுங்கள், சிலருக்கு அது கண்ணாடி போடவேண்டிய கண்ணாகவே இருக்கும். வெளிச்சத்தைச் சுற்றி வளையம் தெரிந்து கண்ணும் நொந்தால் மேலே சொன்ன அவசரப் பட்டியல்.

மலத்தில் முழுக் குளிசை

கொன்சேர்ட்டா போன்ற சில நீண்டநேரக் குளிசைகளின் கோது கரையாது. உள்ளே இருந்த மருந்து சின்னத் துளையால் போய்விடும், வெறும் கோது வெளியே வரும். பிள்ளைக்கு மருந்து ஏறவில்லை என்று இன்னொன்று கொடுத்துவிடாதீர்கள். இந்த வகையைக் கடிக்கவோ இடிக்கவோ பாதியாக உடைக்கவோ கூடாது என்பதற்கும் அந்தக் கோதுதான் காரணம்.

கண் சிமிட்டல், தோலை நோண்டுதல், முடி பிடுங்குதல்

கண் சிமிட்டல், தோள் குலுக்கல் மாதிரியானவற்றுக்கு உடனே மருந்தைக் குற்றம் சாட்டுவார்கள். ஏடிஎச்டி உள்ள பிள்ளைகளுக்கு இவை மருந்தில்லாமலே கூடுதலாக வரும், வந்து வந்து போகும். 2015இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள், வெற்றுக் குளிசை எடுத்த பிள்ளைகளைவிட மருந்து எடுத்தவர்களுக்கு இது கூடுதலாக வரவில்லை என்றுதான் கண்டார்கள். ஆனாலும் உங்கள் பிள்ளைக்குக் கூடலாம், மணிக்கூடும் கொப்பியும் சொல்லும். பிள்ளைக்கு முன்னால் "சிமிட்டாதே" என்று சொல்லிக்கொண்டிருந்தால் கூடத்தான் செய்யும்.

நகத்தடி, காயத்துப் பக்கு, புருவம் என்று ஒரே இடத்தை மணிக்கணக்காக நோண்டினால் அது பெரும்பாலும் உச்ச நேரத்தில் கவனம் பிழையான இடத்தில் போய்க் குத்தி நிற்பது. அளவைப் பற்றிக் கதையுங்கள். தோலுக்குக் கீழே எறும்பு ஊர்கிறது, யாரோ கூப்பிடுகிறார்கள் என்று பிள்ளை சொன்னால் பேய் பிடித்ததென்று கோயிலுக்குக் கொண்டு ஓடாமல் அன்றைக்கே டொக்டரைப் பிடியுங்கள். கோயிலுக்குப் பிறகும் போகலாம்.

பின்னேரம் ஆள் மாறுகிறார்

மூன்று, நான்கு மணிக்கு அழுகை, எரிச்சல், உடம்பு அடித்துப்போட்ட களைப்பு. மருந்து இறங்கும்போது வருவது. அந்த நேரத்தில் ரியூசனுக்கு அனுப்புவதில் பிரயோசனம் இல்லை. சாப்பாட்டைக் கொடுத்து ஒரு மணித்தியாலம் விளையாட விடுங்கள். ஒவ்வொரு நாளும் தாங்க முடியாமல் இருந்தால் வேளையை மாற்றலாமா, நீண்டநேர வகைக்குப் போகலாமா என்று டொக்டரிடம் கேட்கலாம்.

உயரம், நிறை

ஒரு நாளில் தெரிகிற அறிகுறி இல்லை என்பதால்தான் தவறிப்போகிறது. நீண்ட காலம் எடுக்கிற பிள்ளைகளுக்கு வளர்த்தி கொஞ்சம் பிந்தலாம், ஒன்றிரண்டு சென்ரிமீற்றர் அளவில். உயரத்தை ஆறு மாதத்துக்கு ஒருமுறை, பத்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு நிறையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்கச் சொல்கிறது முன்னே சொன்ன நைஸ் வழிகாட்டி. வீட்டில் கதவு நிலையில் பென்சிலால் கீறி வைத்தாலும் போதும். நிறை இறங்கிக்கொண்டே போனால், பள்ளிக்கூட விடுமுறையில் மருந்தை நிறுத்தி விடலாமா என்று கேட்கிற உரிமை உங்களுக்கு இருக்கிறது, விடை ஆளுக்கு ஆள் மாறும்.

புதுப் பெட்டி வந்த பிறகு தொடங்கியதா?

2022 தட்டுப்பாட்டுக்குப் பிறகு ஒரு மாதம் ஒரு பெட்டி, அடுத்த மாதம் வேறு பெட்டி என்பது எங்களுக்குப் பழகிப்போனது. பெயர் ஒன்றாக இருந்தாலும் விடுகிற வேகம் வேறாக இருக்கலாம். சில இடங்களில் மீதைல்பெனிடேட் இல்லாமல் அட்டோமொக்செடின் எழுதுவார்கள். அது மீதைல்பெனிடேட் மாதிரித் தூண்டி மருந்தே இல்லை. அதன் அறிகுறிகளுக்கு இந்த மணிக்கணக்கு சரிவராது. அதில் சிறுநீர் தடைப்பட்டுப் போகலாம். கண் மஞ்சளாகி சிறுநீர் கறுத்தால் ஈரலைப் பார்க்க உடனே போக வேண்டும்.

ஆகவே ஒவ்வொரு முறையும் பார்மசி யன்னலை விட்டு விலக முதல் பெட்டியைப் போனில் படம் எடுங்கள். பெயரும் மில்லிகிராமும், மெதுவாக விடுகிற வகையா என்று காட்டுகிற எழுத்தும் தெரிய வேண்டும். போன மாதப் படத்தோடு ஒத்துப்பாருங்கள், வித்தியாசம் இருந்தால் அங்கேயே நின்று கேளுங்கள். பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும்.